மரத்தை வெட்டலாமா? எங்கள் மே மலர் மரம் கற்பித்த பாடம்

(பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவு மாணவியர்)

"சிஸ்டர், அந்த மே மலர் மரம் எங்கே?"

சென்ற ஜனவரியில் பழைய மாணவியர் கூட்டத்திற்கு வந்திருந்த அக்காமார் பலரும் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதற்கேள்வி இதுதான். சிலர் கண் கலங்கினர். ஒருவர், "அவ்வளவு பெரிய மரத்தை வெட்ட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?" என்று எங்களையே கடிந்துகொண்டார். நின்ற இடத்தில் ஒரு வரியில் அதற்கு விடை சொல்ல எங்களால் இயலவில்லை. ஆகவே அவ்விடையை இவ்வாண்டு மலரில் ஒரு பாடமாகவே எழுத முன்வந்தோம். வீட்டு முற்றத்தில் மரம் வளர்க்கும் பெற்றோர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறோம்.

மரமும் நாங்களும்

மழலையர் வகுப்பின் முன் நின்ற அம்மரத்தை விரும்பாதவர் இப்பள்ளியில் யார்? ஏப்ரல், மே மாதங்களில் கிளையெல்லாம் நெருப்புப் பற்றிக்கொண்டதுபோல் பூத்து நிற்கும். மொட்டின் புல்லிதழ்களைப் பிய்த்து நகத்தின்மேல் ஒட்டிக்கொண்டு ராணிகளாக உலவாதவர் யார்? மகரந்தத் தாள்களை ஒன்றோடொன்று கோத்து இழுத்து, எவள் சேவலின் தலை முதலில் அறுகிறது என்று பந்தயம் கட்டாதவர் யார்? அதன் நீண்ட காய்ந்த காய்களே ஆண்டு விழா நாடக ஒத்திகைகளில் எங்களுக்கு வாள். அதன் அடியிலிருந்த வட்டமான சிமெண்ட் மேடையே சின்னத் தங்கைமாரின் உணவுக்கூடம்.

நாங்கள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு இரவு காற்று வீசியது. திங்கள் காலை வந்து பார்த்தால், தொடைப் பருமனுள்ள கிளை ஒன்று அம்மேடையின்மேல் முறிந்து கிடந்தது. இறைவன் அருளால் ஒருவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அது டிபன் பெட்டிகளைத் திறந்துவைக்கும் இடமல்லவா! நினைக்கும்போதே எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்றே இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. "இன்றைக்கே வெட்டிவிடுங்கள்" என்றனர் பெற்றோர் சிலர். "ஒரு கிளை விழுந்ததற்காக மரத்தையே வெட்டுவதா?" என்றனர் வேறு சிலர். எங்கள் தலைமையாசிரியைச் சகோதரி இரு கட்சியிலும் சேரவில்லை. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி யாரும் அண்டாதபடி செய்தார்கள். பிறகு தாவரவியல் ஆசிரியையிடமும் எங்களிடமும், "பயத்தினால் வெட்டுவதும் தவறு, பாசத்தினால் விட்டுவைப்பதும் தவறு. அளந்து பார்த்து எழுதிக் கொண்டு வாருங்கள்" என்றார்கள். வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டனார், எங்களுக்கு வழிகாட்டியாக வந்தார்.

அழகு வேறு, வலிமை வேறு

மே மலர் மரம் என்றும் குல்மோகர் என்றும் நாம் அழைப்பதைத் தமிழ் நூல்கள் செம்மயிற்கொன்றை என்று குறிக்கின்றன. இது நம் நாட்டு மரமன்று. ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவின் உலர்ந்த காடுகளே இதன் தாயகம். போஹீமியாவில் பிறந்த போஜர் என்னும் தாவரவியலார் அங்கே கண்டறிந்த இம்மரத்திற்கு 1829-ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் அச்சேறியது. பிறகு பூவின் அழகுக்காக வெப்ப நாடுகள் பலவற்றில் நடப்பட்டு, நம் சாலைகளிலும் பள்ளிகளிலும் இடம் பிடித்துக்கொண்டது.

விரைவில் வளரும்; விரைவில் பூக்கும்; குடைபோல் விரியும். இம்மூன்றும் இதன் சிறப்பு. ஆனால் விரைந்து வளரும் இம்மரத்தின் கட்டை மென்மையானது. கிளைகள் எளிதில் முறிபவை. வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படரும். பாரமோ மேலே அகன்ற குடை. பிடிப்போ கீழே ஆழமில்லாத வேர்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. அவற்றுள் இத்தகைய அயல்நாட்டு அழகு மரங்கள் ஏராளம். அப்படியானால் மே மலர் மரம் என்றாலே வெட்டிவிடலாமா? கூடாது. 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்த தானே புயலில் பண்ருட்டிப் பகுதியில் நாம் போற்றி வளர்க்கும் பலாவும் முந்திரியுமே சாய்ந்தன. காற்று மிகும்போது நல்ல மரமும் விழும். ஆகவே சாதியைப் பார்த்துத் தீர்ப்பெழுதாமல் ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பதே தாத்தா கற்பித்த முதற்பாடம்.

மூன்று கேள்விகள்

எந்த மரத்தைக் குறித்தும் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று.

1. மரத்தில் என்ன குறை? அது எந்த இடத்தில் உள்ளது?

2. முறிந்தாலோ சாய்ந்தாலோ அது எதன்மேல் விழும்?

3. மரத்தையோ, அதன் கீழ் உள்ளதையோ திருத்த வழியுண்டா?

இவற்றுள் நாம் மறந்துவிடுவது இரண்டாம் கேள்வியை. நடுக்காட்டில் உளுத்துப்போன மரம் நின்றால் அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. அது ஆந்தைக்கும் மைனாவுக்கும் வீடு. அதே மரம் வகுப்பறை வாசலில் நின்றால் கதையே வேறு. ஆகவே ஆபத்து என்பது மரத்தில் மட்டும் இல்லை. மரமும் அதன் கீழுள்ள உயிரும் சேரும் இடத்தில் இருக்கிறது.

எட்ட நின்றும் கிட்ட நின்றும்

எங்கள் வளாகத்தில் இரண்டு மே மலர் மரங்கள் இருந்தன. ஒன்று மழலையர் வகுப்பின் முன். மற்றொன்று விளையாட்டு மைதானத்தின் மூலையில். இரண்டையும் சோதித்தோம்.

முதலில் எட்ட நின்று உயரம் அளந்தோம். ஏணி தேவையில்லை, தோழியரே! ஒரு மீட்டர் குச்சியை நட்டோம். அதன் நிழல் 80 செ.மீ. அதே நேரத்தில் மழலையர் மரத்தின் நிழல் 8.8 மீட்டர். வகுத்தால் மரத்தின் உயரம் 11 மீட்டர். மரத்திற்கும் வகுப்பறைக்கும் இடையே இருந்ததோ 6 மீட்டர். மைதான மரத்தின் உயரம் 9 மீட்டர்; அதற்கு அண்மையிலுள்ள கட்டிடம் 20 மீட்டருக்கு அப்பால்.

பிறகு கிட்ட நின்று பார்த்தோம். குறையல்லாததைக் குறை என்று எண்ணி நாங்கள் முதலில் ஏமாந்ததும் உண்டு. கோடையில் இலையுதிர்வது நோயன்று. அது இம்மரத்தின் இயல்பு. குடையின் உட்புறத்தில் நிழல் பட்டுக் காயும் சிறு சுள்ளிகளும் இயல்பே. பல ஆண்டுகளாகச் சாய்ந்து, நுனி மட்டும் வானை நோக்கி நிமிர்ந்திருக்கும் மரம் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

அஞ்சவேண்டியவை வேறு. புதிதாகச் சாய்ந்து, வேரடி மண் வெடித்தோ மேலெழும்பியோ இருத்தல், அடிமரத்தில் தட்டுப்போல் காளான் முளைத்தல், தண்டில் நெடுக ஓடும் வெடிப்பு, பெரிய கிளை பட்டுப்போதல், அடியில் பொந்து, இரு பெருங்கிளைகள் பிரியும் கவையில் பட்டை உள்ளே சிக்கியிருத்தல். இந்தக் கடைசிக் குறை நுட்பமானது. நல்ல கவையில் கட்டையும் கட்டையும் பின்னிக்கொள்ளும். பட்டை நடுவே சிக்கினால் இரு கைகள் கோக்காமல் அருகருகே நிற்பதுபோல்தான், காற்றில் பிளந்துவிடும்.

மழலையர் மரத்தில் அத்தகைய கவை ஒன்று இருந்தது. அடியில் வடபுறம் கைப்பிடி அகலத்தில் பொந்து. அதன் அருகே பழுப்பு நிறக் காளான் இரண்டு. மரச்சுத்தியால் தட்டியபோது மைதான மரம் 'டக்' என்று திடமாக ஒலித்தது. இதுவோ காலிப் பானைபோல் ஒலித்தது.

மரத்தின் புண் ஆறுவதில்லை

நம் விரலில் வெட்டுப்பட்டால் புதுத்தசை வளர்ந்து காயம் ஆறுகிறது. மரத்திற்கு அப்படி இல்லை. அமெரிக்க வனத்துறையின் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ (1930-2006) ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். மரம் அழுகிய கட்டையைக் குணப்படுத்துவதில்லை. அதைச் சுற்றி உள்ளுக்குள் சுவரெழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக்கட்டையை வளர்த்துக்கொள்கிறது. 1977-இல் இக்கருத்தை அவர் விரிவாக வெளியிட்டார்.

இதை அறிந்தால் நம் பழக்கங்கள் பல தவறென்று விளங்கும். பொந்தில் சிமெண்ட் அடைப்பதால் மரம் வலுப்பெறாது. வெட்டிய இடத்தில் தார் பூசினால் அழுகல் நிற்காது. தண்டோடு தண்டாகக் கிளையைச் சீவினால், கிளையின் அடியிலுள்ள மடிப்பு வளையம் போய்விடும். சுவரெழுப்பும் இடமே அதுதான். உச்சியை மொட்டையடிப்பது எல்லாவற்றினும் கேடு. வெட்டிய முனைகள் அழுகும். அவற்றின் ஓரத்தில் துளிர்க்கும் கிளைகள் ஆழப் பற்றாமல் தோல்மேல் ஒட்டியவைபோல் நிற்கும். சில ஆண்டுகளில் அவையே முறிந்து விழும். எங்கள் மேடையின்மேல் விழுந்த கிளையும் முன்னொரு காலத்தில் மொட்டையடித்த இடத்தில் கிளைத்ததே.

பொந்து விழுந்த மரமெல்லாம் விழுந்துவிடுமா? அதுவும் இல்லை. குழாயைப் பாருங்கள், உள்ளே வெற்றிடம், ஆயினும் உறுதி. ஜெர்மானிய அறிஞர் கிளாஸ் மாத்தெக் பல மரங்களை ஆராய்ந்து ஒரு வழிகாட்டி அளவைத் தந்தார். சுற்றிலுமுள்ள நல்ல கட்டையின் கனம், தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் எச்சரிக்கை தேவை. எங்கள் மரத்தின் சுற்றளவு பொந்தின் உயரத்தில் 220 செ.மீ. 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 70, ஆரம் 35. மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறைய 12 செ.மீ. மெல்லிய கம்பியைப் பொந்தில் செலுத்தி எட்டிய இடங்களில் எல்லாம் அளந்தோம். பல இடங்களில் 7 செ.மீ. கூட இல்லை.

குற்றம் யாருடையது?

குறிப்பேட்டில் இதையெல்லாம் எழுதியபின் தாத்தா ஒரு கேள்வி கேட்டார்: "மரம் கெட்டதா, கெடுக்கப்பட்டதா?"

பள்ளி அலுவலகத்திலும் வயதான தோட்டக்காரரிடமும் விசாரித்தோம். அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் மேடை கட்டியது நாம். அதனால் நீரும் காற்றும் வேருக்கு எட்டவில்லை. மின்கம்பியில் படுகிறதென்று உச்சியை மொட்டையடித்தது நாம். சில ஆண்டுகளுக்கு முன் குடிநீர்க் குழாய்க்காக வடபுறம் பள்ளம் தோண்டி வேர்களை அறுத்ததும் நாமே.

அந்த வடபுற வேரே முக்கியம். கூடாரத்தைக் கயிறு இழுத்துப் பிடிப்பதுபோல், காற்று வரும் பக்கத்து வேர்களே மரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. புயல் மாதங்களில் எங்கள் ஊரில் பெருங்காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வரும். வடக்கேதான் வேர் அறுந்திருந்தது. மரம் சாய்ந்தால் விழும் திசை தெற்கு. தெற்கேதான் மழலையர் வகுப்பு.

இதை எழுதியபோது எங்களுக்கு மரத்தின்மேல் இருந்த கோபம் போய் வெட்கம் வந்தது. எனினும் யார் குற்றம் என்பது ஒன்று, இப்போது ஆபத்து உண்டா என்பது மற்றொன்று. நாம் கெடுத்தோம் என்பதற்காக மரம் குழந்தைகளுக்கு விலகி விழப்போவதில்லை.

இரு மரங்கள், இரு தீர்ப்பு

முதலில், வெட்டாமல் தீருமா என்று பார்த்தோம். மேடையை மூடினோம், ஆனால் வகுப்பறையை நகர்த்த முடியாது. கிளைகளைக் குறைத்தால் பாரம் குறையும்; ஆனால் அறுந்த வேரும் உளுத்த அடிமரமும் அவ்வாறே இருக்கும். மழலையர் மரத்தில் குறை அடிமரத்தில்; கீழே இருப்பவர் குழந்தைகள்; திருத்த வழியில்லை. மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே பக்கம் நின்றது. வெட்டுவதென்று எழுதினோம்.

மைதான மரத்திலும் குறை இருந்தது. ஒரு கிளை பட்டுப்போயிருந்தது, மண் இறுகியிருந்தது. ஆனால் அடிமரம் திடம். கீழே இருந்தது ஒரு கல்பெஞ்சு மட்டும். பெஞ்சை அப்பால் நகர்த்தினோம். பட்ட கிளையை மடிப்பு வளையத்திற்கு வெளியே அறுத்தெடுக்கச் செய்தோம். வேரைக் காயப்படுத்தாமல் மேல்மண்ணை மட்டும் லேசாகக் கிளறி, உதிர்ந்த இலைகளைத் தண்டை ஒட்டாமல் பரப்பினோம். கோடையில் முறைவைத்து நீர் ஊற்றினோம். "ஓராண்டு கழித்து மீண்டும் சோதிக்கவும்" என்று குறித்தோம்.

லூக்காஸ் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் வரும் அத்திமர உவமை அப்போது எங்கள் நினைவுக்கு வந்தது. தோட்டக்காரன் வெறுமனே தவணை கேட்கவில்லை. கொத்தி எருப்போடுவதாகச் சொல்லி, ஓராண்டு என்று எல்லை வைத்துக் கேட்டான். வேலையும் எல்லையும் இல்லாத தவணை இரக்கமன்று, அது தள்ளிப்போடுவதே. இன்னொன்றும் கவனித்தோம். அந்த அத்திமரம் பழம் தராமல் நின்றதே தவிர, எவர் தலைமேலும் விழ நிற்கவில்லை. மைதான மரத்திற்கு நாம் ஓராண்டு தரலாம். மழலையர் மரத்திற்குத் தரும் ஓராண்டோ நம்முடையதன்று. அது எங்கள் தங்கைமாரின் உயிரைப் பணயமாக வைத்துத் தருவது.

வெட்டுவதிலும் முறை உண்டு

மழைக்காலத்திற்கு முன், செப்டம்பர் மாதத்தில், விடுமுறை நாளன்று வெட்டுவதென முடிவாயிற்று. அதற்குமுன் உரிய அலுவலகங்களில் கேட்டு அனுமதி பெற்றார்கள். வேண்டியது என்ன என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். வீட்டு மரமாயினும் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. கிளைகளில் கூடு உண்டா என்று மூன்று நாள் பார்த்தோம். ஒரு காக்கைக்கூடு இருந்தது; வெறுங்கூடு. மின்கம்பி அருகில் இருந்ததால் மின்சாரத்தை நிறுத்தச் செய்தார்கள். பழகிய ஆட்கள் ஏறி, ஒவ்வொரு கிளையாகக் கயிறு கட்டி இறக்கினர். ஏணியில் நின்று அரிவாளால் வெட்டும் வேலையன்று இது. பெற்றோர்கள் இதைத் தாங்களே செய்ய முயலவேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

மரம் விழுந்தபின் உள்ளே பார்த்தோம். நாங்கள் மிகவும் அஞ்சிய கவை எதிர்பார்த்ததைவிட உறுதியாகவே இருந்தது! அடிமரமோ நாங்கள் அளந்ததைவிட மோசம். வடபுற வேர்கள் கையால் பிய்க்கும் அளவு உளுத்திருந்தன. கண்ணுக்குத் தெரிந்த குறையைவிட மண்ணுக்குள் மறைந்த குறை பெரிது. எங்கள் கணக்கில் ஒன்று தவறியது. ஆனால் தீர்ப்புத் தவறவில்லை.

இப்போது அவ்விடத்தில்

அதே குழியில் நடவில்லை. வகுப்பறையிலிருந்து நன்றாகத் தள்ளி, மின்கம்பிக்கும் குழாய்க்கும் விலகி, ஒரு மகிழமும் ஒரு புங்கையும் நட்டிருக்கிறோம். மகிழம் மெதுவாக வளரும், கட்டை உறுதி. புங்கை விரைவில் நிழல் தரும். பெரிய கன்று வாங்கினால் விரைவில் மரமாகும் என்று நினைத்தோம். பையில் வேர் சுருண்ட பெரிய கன்றைவிடச் சிறு கன்றே நன்றாகப் பிடிக்கும் என்று தாத்தா திருத்தினார். கம்பில் இறுக்கிக் கட்டவில்லை. காற்றில் ஆடிப் பழகினால்தான் தண்டு உரம் பெறும். மேடையும் கட்டவில்லை, இனிக் கட்டவும் வேண்டாம் என்று எங்களுக்குப் பின்வரும் வகுப்புகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

மைதான மரத்தை இவ்வாண்டு ஜூலையில் மீண்டும் சோதித்தோம். புதிய காளான் இல்லை; இலை அடர்த்தியாகத் துளிர்த்திருக்கிறது. இன்னும் ஓராண்டு என்று குறிப்பேட்டில் எழுதி, அக்குறிப்பேட்டைப் பதினோராம் வகுப்புத் தங்கையரிடம் ஒப்படைத்துவிட்டோம். ஆண்டுக்கு ஒருமுறையும், ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பின்னும் பார்ப்பது இனி அவர்கள் கடமை.

அன்பு அக்காமாரே, எப்படி மனம் வந்தது என்று கேட்டீர்களே! எளிதில் வரவில்லை. அறுக்கும் ஓசை கேட்டபோது எங்களில் அழாதவர் சிலரே. ஆனால் அடுத்த நவம்பரில் ஓர் இரவு முழுதும் வடகாற்று வீசியது. மறுநாள் காலையில் மழலையர் வகுப்பின் ஓட்டின்மேல் உதிர்ந்த இலைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. அடுத்த முறை வரும்போது எங்கள் மகிழங்கன்றுக்கு ஒரு குடம் நீர் ஊற்றிச் செல்லுங்கள்.